கதை கேட்டுப் பெட்டி செய்யும் காரைக்குடி ஆசாரி

காரைக்குடியில் மரவேலைக்கு ஆள் தேடுகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. விலைப்பட்டியல் கிடையாது. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் பார்க்க ஆள் கிடையாது. முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன அல்லவா, அங்கே எந்தக் கடையிலாவது "பொம்மை செதுக்குற ஆசாரி" என்று கேளுங்கள், பின்சந்துக்குக் கை காட்டுவார்கள். அங்கே போனால் உங்கள் மனசில் இருக்கும் ஒரு கதையை மரத்தில் செய்து வாங்கலாம். நான் வாங்கியிருக்கிறேன். விலை எவ்வளவு, எவ்வளவு நாள் காக்க வேண்டும், எது நன்றாக வந்தது, எது வரவில்லை என்று எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

நான் தேவகோட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஆர்டர் எடுத்துச் செய்கிற தொழிலின் நல்லது கெட்டது இரண்டும் எனக்குத் தெரியும். அளவு கேட்காமல் வெட்டுகிறவர் யார், கேட்டு வெட்டுகிறவர் யார் என்பது ஐந்து நிமிஷப் பேச்சிலேயே தெரிந்துவிடும். அந்தக் கண்ணோடுதான் இவர் வேலையையும் பார்த்தேன்.

செய்யச் சொன்னது என் அண்ணன் மகளின் பிறந்தநாளுக்கு. ஏழு வயது முடிகிறது. அவளுக்கு உலகத்திலேயே பெரிய கதை, மந்திரவாதியின் உயிர் கிளிக்குள் இருக்கிற கதைதான். எங்கள் அப்பத்தா எங்களுக்குச் சொன்னது, நான் அவளுக்குச் சொன்னேன். மந்திரவாதி ராஜகுமாரியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். எவ்வளவு வெட்டினாலும் அவன் சாகமாட்டான். உயிர் அவன் உடம்பில் இல்லை. ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு குகைக்குள் இருக்கிற கிளியிடம் இருக்கிறது. ராஜகுமாரன் தேடிப் போய்க் கிளியைப் பிடித்து, சிறகை ஒடித்தால் அங்கே மந்திரவாதிக்குக் கை ஒடிகிறது, கழுத்தைத் திருகினால் அவன் விழுந்து சாகிறான். தமிழ்நாட்டில் பாட்டி வளர்த்த பிள்ளை எல்லாருக்கும் இந்தக் கதை தெரிந்திருக்கும்.

பாப்பாவுக்கு அந்தக் கடைசிக் கட்டம் மட்டும் ஆகாது. "கிளி என்ன தப்பு பண்ணுச்சு அத்தை?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். கேள்வி நியாயமானது. பதில் சொல்ல முடியாமல்தான் நான் கதையை மாற்றினேன். என் கதையில் ராஜகுமாரன் கிளியிடம் பேசுகிறான். கிளி அந்த உயிரை அங்கேயே உதறிவிட்டுப் பறந்துபோகிறது. மந்திரவாதி விழுகிறான், கிளி பிழைக்கிறது. இப்போது அவள் இந்தக் கதையைத்தான் மற்ற பிள்ளைகளுக்குச் சொல்கிறாள்.

இதை மரத்தில் செய்து கொடுக்க வேண்டும் என்று ஆசை. முதலில் ஒரு பரிசுப்பொருள் கடையில் கேட்டேன். "எந்தப் படம்னு சொல்லுங்க மேடம், டவுன்லோடு பண்ணி லேசர்ல வெட்டிடலாம்" என்றார்கள். பெட்டி 1,800 ரூபாய், மேலே பெயர் எழுதினால் தனி. மரத்தூளைப் பசையோடு சேர்த்து அழுத்தின பலகை, அதில் எங்கிருந்தோ எடுத்த ஒரு கிளிப் படம். கதையைச் சொல்ல ஆரம்பித்தேன், கேட்க அவர்களுக்கு நேரமில்லை. அந்த வேலைக்கு அது தேவைப்படவும் இல்லை.

ஆசாரி கேட்டார். நான் "ஏழு கடல் ஏழு மலைக் கதையில வர்ற மாதிரி ஒரு பெட்டி" என்று சொன்னதும் உளியைக் கீழே வைத்துவிட்டு, "முழுசாச் சொல்லு தாயி, எனக்கு எங்க ஆத்தா சொன்னது மறந்துபோச்சு" என்றார். அறுபதைத் தாண்டினவர். பக்கத்தில் உதவிக்கு இருந்த பையனும் இழைப்பை நிறுத்திவிட்டான். சொல்லி முடித்ததும் இவர் கேட்ட கேள்விகளைக் கேளுங்கள். கிளி கூண்டில் இருக்கிறதா, பொந்தில் இருக்கிறதா? குகைக்குக் கதவு உண்டா? கடலைத் தாண்டின பிறகு மலையா, மலையைத் தாண்டின பிறகு கடலா? கடைசியில், "உங்க கதையில கிளி வெளிய போகுதுன்னு சொன்னீங்களே, அதுவாப் போகுதா, யாராச்சும் தொறந்து விடுறாங்களா?"

அதுவாகப் போகிறது என்றேன்.

"அப்பத் தாழ்ப்பாள் வெளிய இருக்கக் கூடாது. கிளி பக்கம்தான் இருக்கணும்."

இந்த ஒரு வாக்கியத்தில் முழுப் பெட்டியும் முடிவாகிவிட்டது. கதைப் பரிசு என்று விற்பதெல்லாம் கதையில் வருகிற ஒரு உருவத்தை மேலே ஒட்டித் தருவதோடு நின்றுவிடுகிறது. இவர் கதையில் என்ன நடக்கிறது என்று கேட்டு, அதே மாதிரி பெட்டி வேலை செய்ய வேண்டும் என்று யோசிக்கிறார். இந்தப் பட்டறையைச் சிபாரிசு செய்ய எனக்கு முதல் காரணம் இதுதான்.

நான் கேட்டது பதினான்கு பெட்டிகள், கடலுக்கு ஏழு, மலைக்கு ஏழு, ஒன்றுக்குள் ஒன்று. அவர் ஒரு பலகைத் துண்டில் பென்சிலால் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். பலகை இரண்டு நூல் கனம், நடுவில் அரை நூல் இடைவெளி, இரண்டு பக்கமும் சேர்த்தால் ஒவ்வொரு பெட்டிக்கும் 5 நூல் கூடும். உள்பெட்டி 4 இஞ்சு என்றால் பதினான்காவது பெட்டி 12 இஞ்சைத் தாண்டும். "அத்தனையும் தேக்கு. பாப்பா தூக்கவே முடியாது. அப்புறம் அது பீரோ மேல ஏறிடும்." சரி என்றேன். கடைசியில் மூன்று பெட்டிகள் என்று முடிவானது: வெளியே கடல், அடுத்து மலை, உள்ளே குகை. ஏழு கடலும் ஏழு மலையும் செதுக்கலில் வரும். வெளிப்பெட்டி 8 இஞ்சு நீளம், 6 அகலம், 6 உயரம்.

மரம் பழைய வீட்டுக் கைமரம், அதாவது ஓட்டுக்கூரையைத் தாங்குகிற சட்டம். செட்டிநாட்டு வீடுகளில் தூண், உத்திரம், வாசல் நிலை எல்லாவற்றுக்கும் பர்மாத் தேக்கு வந்த கதை நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் வெட்டின விதம் எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் அதற்கு உள்ளே இருக்கும் வெளுத்த மரப்பகுதியையும் வெட்டிவிட்டு, நின்ற நிலையிலேயே மூன்று வருஷம் போலக் காயவிடுவார்கள். பிறகு சாய்த்து, யானை வைத்து இழுத்து, ஐராவதி ஆற்றில் மிதக்கவிட்டு ரங்கூன் வரைக்கும் கொண்டுவருவார்கள். அங்கிருந்து கப்பல். 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்ததோடு செட்டிநாட்டு நகரத்தார் கடல் தாண்டித் தொழில் செய்யப் போன காலமும் முடிந்தது, வீடுகளுக்கு மரம் வருவதும் நின்றது. இன்றைக்குக் காரைக்குடியில் விற்கிற பழைய தேக்கு எல்லாம் அதற்கு முந்தின சரக்குத்தான். ஆசாரி கைமரத் துண்டைத் தட்டிக் காட்டிச் சொன்னார்: "ஏழு கடல் இல்ல, ஒரு கடல் தாண்டி வந்த கட்டை தாயி. கதைக்கு இது சரியா இருக்கும்."

இந்த மரம் கிடைக்க எங்கேயோ ஒரு வீடு இடிபட்டிருக்கும் என்பதும் உண்மை. 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. அப்படியும் பாகம் பிரிக்க முடியாமலும் ஓடு மாற்ற ஆளில்லாமலும் வீடுகள் விழுந்துகொண்டேதான் இருக்கின்றன. நிலைகளும் தூண்களும் லாரி ஏறி வெளியூருக்குப் போகின்றன, ஒடிந்த கைமரம் விறகுக்குப் போகிறது. விறகுக்குப் போகிற துண்டைத்தான் இவர் வாங்குகிறார். முழு நிலையை அறுத்துச் சின்னச் சாமான் செய்யச் சொன்னால் செய்யமாட்டேன் என்கிறார். எனக்கு அது பிடித்திருந்தது.

இப்போது வேலையைப் பற்றி. முதலில் மலைப்பெட்டி, எனக்கு அதுதான் உயிர். நான் மலை என்றால் முக்கோணம் முக்கோணமாகச் செதுக்குவார் என்று நினைத்திருந்தேன். இவர் கைமரத்தை அறுத்துப் பலகைகளை ஒவ்வொன்றாகத் தண்ணீர் தொட்டுத் துடைத்துப் பார்த்தார். ஈரம் பட்டால் ரேகை தெளிவாகத் தெரியும். மரத்தின் நடுவை விட்டு ஓரமாக அறுத்த பலகையில் ரேகை கூம்பு கூம்பாக, ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கும். அப்படிப்பட்ட பலகையாகப் பார்த்து எடுத்து, "மலை உள்ளயே இருக்கு, கோட்டை மட்டும் ஆழப்படுத்தினாப் போதும்" என்றார். ரேகை போன வழியிலேயே நுனி உளியால் கீறி, பின்புறம் இருக்கிற மலையைக் கொஞ்சம் தாழ்த்தி, முன்மலையை உயர்த்தி, ஏழு மலை கொண்டுவந்திருக்கிறார். ஏழாவது மலை மூடியின் விளிம்பில் பாதிதான் தெரிகிறது. மூடியைத் திறந்தால் அதன் மறுபாதி உள்பக்கம் தொடர்கிறது. மலையைத் தாண்டுகிறோம் என்பது கையாலேயே தெரிகிறது.

கடல்பெட்டியில் அலை ஏழு வரிசை, நான்கு பக்கமும் சுற்றி வருகிறது. இதில் பார்க்க வேண்டியது மூலை. மூலைகளை ஆணி இல்லாமல், புறா வால் மாதிரி விரிந்த பற்கள் வெட்டி ஒன்றுக்குள் ஒன்று மாட்டியிருக்கிறார். அந்த இடத்தில் பலகையின் நெடுக்கு முகமும் அடுத்த பலகையின் குறுக்கு முகமும் மாறி மாறி வரும். குறுக்கில் மொட்டை உளி பட்டால் சிராய் சிராயாகப் பெயர்ந்துவிடும். அதனால் பெரும்பாலும் மூலைக்குக் கொஞ்சம் முன்னாலேயே செதுக்கலை நிறுத்திவிடுவார்கள். இவர் பெட்டியை மாட்டி முடித்த பிறகுதான் அலையை வெட்டியிருக்கிறார். நான் போயிருந்த அன்றைக்கு ஒரு மூலை நடந்துகொண்டிருந்தது. கொட்டாப்புளியை, அதுதான் மரச்சுத்தியலை, தொடவே இல்லை. உளியின் பிடியை நெஞ்சோடு அணைத்து, கையால் தள்ளியே வெட்டினார். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை உளியைச் சாணைக்கல்லில் தேய்த்து, முழங்கை மயிரில் வைத்துப் பார்த்துக்கொண்டார். இப்போது விரல் வைத்து ஒரு அலையைப் பிடித்தால் எங்கேயும் தட்டாமல் சுற்றி வந்து புறப்பட்ட இடத்துக்கே வருகிறது. பாப்பா கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள்.

துணியைத் திருப்பி உள்தையலைப் பார்ப்பது என் பழக்கம், இந்தப் பெட்டிகளையும் கவிழ்த்துப் பார்த்தேன். அடிப்பலகையைப் பசை போட்டு ஒட்டவில்லை. நாலு பக்கமும் காடி எடுத்து அதற்குள் சொருகி, கொஞ்சம் ஆட இடம் விட்டிருக்கிறார். கேட்டேன். மரம் நீளவாக்கில் நீளாது, அகலவாக்கில் மழைக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். இறுக்கி ஒட்டினால் ஐப்பசி மழையில் பக்கப்பலகையைப் பிளந்துவிடும் என்றார். "நூறு வருஷம் காஞ்ச கட்டைதானேண்ணே?" என்றதற்கு, "எத்தனை வருஷமானாலும் மரம் தண்ணியக் குடிக்கும் தாயி" என்றார். யாரும் பார்க்காத அடிப்பக்கத்தையும் உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கியிருந்தது.

குகைப்பெட்டிக்கு வருகிறேன். அந்தத் துண்டில் பழைய ஆணி இருந்த ஓட்டை ஒன்று, சுற்றிலும் துருவால் கறுத்திருந்தது. வேறு ஆளாக இருந்தால் அந்த இடத்தை வெட்டி எறிந்திருப்பார். இவர் அதையே குகை வாய் ஆக்கினார். ஓட்டையைப் பெரிதாக்க அளவு வேண்டும் என்று பாப்பாவின் ஆட்காட்டி விரல் அளவைக் கேட்டார். நூலால் சுற்றி முடிச்சுப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அளவுக்கு மேல் ஒரு இம்மியும் இல்லை. அவள் விரல் நுழையும், என் விரல் நுழையாது. விரலை விட்டால் முதலில் தொடுவது கிளியின் முதுகை. அதற்குப் பக்கத்தில் மரத் தாழ்ப்பாள். இடது பக்கம் தள்ளினால் மூடி தளர்ந்து மேலே எழும்புகிறது. தாழ்ப்பாள் கிளி பக்கம்தான் இருக்கிறது, சொன்னபடியே.

பெற்றவர்களுக்கு உடனே ஒரு பயம் வரும், விரல் மாட்டிக்கொள்ளாதா என்று. எனக்கும் வந்தது. ஓட்டை உள்ளே போகப் போக அகலமாக இருக்கிறது, விளிம்பு இரண்டு பக்கமும் உருட்டி விட்டிருக்கிறார். இழுத்தால் வந்துவிடுகிறது. விரல் பருத்த பிறகு என்ன செய்வது? அதற்கும் வழி வைத்திருக்கிறார். இந்தப் பெட்டிக்கு மட்டும் அடிப்பலகை பின்பக்கமாக உருவிக்கொண்டு வரும். எங்கே பிடித்து இழுக்க வேண்டும் என்பதை எனக்கு மட்டும் காட்டினார்.

கிளியைத் தேக்கில் செய்யவில்லை. தேக்கின் நிறத்தில் பச்சை ஏறாது. வெட்பாலை எடுத்தார். வெளுப்பான, நுண்ணிய மரம், சன்னபட்டணத்துப் பொம்மைகளுக்கும் அதுதான். வடிவம் எங்கே கிடைத்தது என்றால், பட்டறைச் சுவரில் சாய்த்து வைத்திருந்த ஒரு பழைய நிலையில். மேல்கட்டையில் கஜலட்சுமி, இரண்டு ஓரத்திலும் கொடியைக் கொத்துகிற கிளிகள். நம் வீடுகளின் வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தால் இந்தக் கிளியைப் பார்த்திருப்பீர்கள். கழுத்தை வளைத்து, அலகை மார்போடு ஒட்டி வைத்திருக்கும். அழகுக்காக அப்படி வைத்தார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அலகு தனியாக நீட்டி நின்றால் மரத்தின் குறுக்குவாட்டில் வந்துவிடும், தொட்டால் ஒடியும். மார்போடு சேர்த்துவிட்டால் ஒடிவதற்கு இடமே இல்லை. வாலும் சிறகும் நெடுக்குவாட்டில் போகின்றன. எல்லாம் ஒரே கட்டை, எதையும் தனியாகச் செய்து ஒட்டவில்லை.

"சிறகை ஒடிக்கிற கதைன்னு சொன்னீங்க. இந்தக் கிளிக்குச் சிறகு ஒடியாது" என்றார். அப்பத்தா இருந்து இதைக் கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது.

பச்சை நிறத்துக்குக் கடைப் பெயின்ட் வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன். வீட்டில் இன்னொரு கைக்குழந்தை இருக்கிறது, எதையும் வாயில் வைக்கும். அவுரி நீலமும் மஞ்சளும் கலந்து ஏற்றினார். மூக்குக்குச் சிவப்பு அரக்குக் குச்சியைச் சூடு காட்டித் தேய்த்தார். மஞ்சள் நிறம் வெயிலில் வெளுத்துவிடும் என்று முன்கூட்டியே சொன்னார், ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள் என்றார். இப்போதே ஒரு சிறகின் அடியில் பச்சை திட்டுத் திட்டாக, கொஞ்சம் மஞ்சள் தூக்கலாகத் தெரிகிறது. எனக்கு அது குறையாகப் படவில்லை, ஆனால் ஒரே சீரான நிறம் எதிர்பார்க்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கிளி இரண்டரை இஞ்சு உயரம், விழுங்குகிற அளவு இல்லை.

வெளிப்புறம் பாலிஷ் கொம்பரக்குத்தான். ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் முடிந்து, மெல்லிசு மெல்லிசாக ஏற்றுகிற பழைய முறை. மினுக்கம் உண்டு, கண்ணாடி மாதிரி பளபளப்பு கிடையாது. ஈரக் கை, சூடான டம்ளர் பட்டால் வெள்ளையாகத் தடம் விழும். உள்பக்கம் தேன்மெழுகு மட்டும் தேய்த்திருக்கிறார், அதனால் திறந்தால் தேக்கு வாசனை அப்படியே வருகிறது.

சரி, குறைகள். முதல் குறை நேரம். ஆவணியில் சொன்னேன், ஐப்பசி பிறந்ததும் தருகிறேன் என்றார், தீபாவளி நெருக்கத்தில்தான் கைக்கு வந்தது. பிறந்தநாள் கார்த்திகையில் என்பதால் பிழைத்தோம். போன் எடுக்கவே மாட்டார். நேரில் போனால்தான் வேலை எந்த அளவில் இருக்கிறது என்று தெரியும், தேவகோட்டையிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறவர்களுக்கு இது அலைச்சல்தான். தாமதம் ஆகும் என்பதை அவராகச் சொல்லியனுப்பியிருக்கலாம். என் கடையில் நான் அப்படித்தான் செய்கிறேன், ஒரு போன் போதும். இது வருத்தமாகவே இருந்தது.

அடுத்தது, வெளிமூடி மழை நாளில் இறுகிவிட்டது. பாப்பாவால் திறக்க முடியவில்லை. கொண்டுபோனதும் மறுபேச்சுப் பேசாமல் இழைப்புளியால் இரண்டு இழுப்பு இழுத்து, அந்த இடத்தில் மறுபடி அரக்கு தொட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. பில் தரமாட்டார், துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறார். பட்டறையில் உட்கார இடமில்லை, மரத்தூள் பறக்கும், இளைப்பு இருக்கிறவர்கள் முகத்துக்குத் துணி கட்டிக்கொண்டு போங்கள். கட்டித் தருவது செய்தித்தாளில். பரிசுத் தாளும் கயிறும் நாம்தான் வாங்க வேண்டும்.

விலை 9,500 ரூபாய். முன்பணம் 3,000 வாங்கினார். இதில் மரத்துக்கு 2,200, மீதி கூலியும் பாலிஷும். கேட்டதும் அதிகம் என்றுதான் என் அண்ணி சொன்னார். பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு ஆளும் உதவிக்கு ஒரு பையனும் வாரக்கணக்கில் விட்டு விட்டுச் செய்த வேலை. ஆத்தங்குடிக் கல்லையும் கண்டாங்கிச் சேலையையும் வெளியூர்க்காரர்கள் என்ன விலை கொடுத்து வாங்குகிறார்கள் என்று பார்க்கிறோம். இந்தக் கைவேலைக்கு இந்தக் காசு நியாயம்தான், சொல்லப்போனால் அவர் குறைத்துத்தான் கேட்டிருக்கிறார். தயவுசெய்து அங்கே போய்ப் பேரம் பேசாதீர்கள்.

யாருக்கு இந்த இடம் ஒத்துவராது என்பதையும் சொல்ல வேண்டும். சாமி சிலை, வாகனம் வேண்டுமென்றால் பெரம்பலூர்ப் பக்கம் அரும்பாவூர் இருக்கிறது. வழிவழியாக அதைச் செய்கிறவர்கள், 2020-ல் புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறார்கள். சின்னப் பிள்ளைக்குச் சமையல் சாமான் வேண்டுமென்றால் அம்பாசமுத்திரத்து மரச்சொப்புக்கு ஈடு கிடையாது. சினிமாவிலோ கார்ட்டூனிலோ வருகிற உருவத்தை அச்சு அசலாகக் கேட்டால் இவர் செய்யமாட்டார். ஒருவர் செல்போனில் ஏதோ டிராகன் படம் காட்டிக் கேட்டார். "படத்தை வையுங்க, அது என்ன பண்ணும்னு சொல்லுங்க" என்றார். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் மகனையே கூட்டிக்கொண்டு வந்தாராம். பையன் கதையைச் சொல்ல, நாக்கை இழுத்தால் இழுப்பறை திறக்கிற மாதிரி ஒரு டிராகன் இப்போது பாதி வேலையில் கிடக்கிறது.

அதனால் போகிறவர்கள் படத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், கதையை யோசித்துக்கொண்டு போங்கள். யார் எங்கே ஒளிந்திருக்கிறார், எது எதால் திறக்கும், எது யாருக்கும் தெரியக் கூடாது, கடைசியில் என்ன ஆகிறது. இதெல்லாம் அவர் கேட்பார். பரிசு யாருக்கோ அவர் கை அளவு, வயது, வீட்டில் இன்னும் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்பதும் வேண்டும். வைக்கப்போகிற இடத்தையும் சொல்லுங்கள். ஏசி அறை என்றால் மரம் இன்னும் சுருங்கும், அதற்குத் தகுந்தபடி இடைவெளி விடுவார்.

பாப்பாவுக்குப் பிடித்ததா என்று கேட்பீர்கள். மூன்று பெட்டியும் திறந்து கிளியை எடுத்ததும் அவள் முதலில் செய்தது, சிறகை ஒடித்துப் பார்க்க முயன்ற தம்பியிடமிருந்து அதைப் பிடுங்கினதுதான். "இது ஒடியாதுடா" என்றாள். யாரும் அவளிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இன்னும் அலையைத் தடவுகிறாள், விரலை விட்டுத் தாழ்ப்பாளைத் தள்ளுகிறாள். என் அண்ணன் மட்டும் தன் விரல் நுழையவில்லை என்று அவளிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறான்.

ஆர்டர் கொடுக்க நினைக்கிறவர்களுக்கு: தை பிறந்துவிட்டால் கல்யாணம், வீடு குடிபுகுதல் என்று நிலை வேலையும் கதவு வேலையும் வந்து குவியும், அப்போது அவர் சின்னச் சாமானைத் தொடமாட்டார். வைகாசி வரைக்கும் அப்படித்தான். ஆடியில் கை கொஞ்சம் ஓயும், அப்போது போய்ச் சொல்வது நல்லது. காலை பத்து மணிக்கு மேல் இருப்பார், மதியம் சாப்பாட்டுக்குப் போனால் நாலு மணிக்குத்தான் திரும்புவார், செவ்வாய்க்கிழமை உளி எடுப்பதில்லை.